ஓரம் தெரியாத போர்வை

"பொத்தான் வச்ச உறை வேண்டாம். நாடா வச்சது ஒண்ணு தூக்கிப் போடு" என்று மாடியிலிருந்து அவர் கேட்டார்.

ஏறிப் போய்க் கொடுக்க அவளுக்குச் சோம்பல். கீழே நின்றபடியே தலையணை உறையைச் சுருட்டி வீசினாள். அவர் கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டி, ஒற்றைக் கையால் பிடித்தார்.

"பரவாயில்லையே, குறி தப்பலையே."

"இத்தனை வருஷமா உங்க மேலயே எறிஞ்சு பழகியிருக்கேன். தப்புமா?"

அவர் சிரித்தார். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு அவள் உள்ளே ஓடினாள். அவ்வளவுதான் நடந்தது.

டீ ஆறிய பிறகும் அவர் இறங்கி வரவில்லை. கீழிருந்தே கூப்பிட்டாள். அவருக்கு இடது காது கேட்காது. அந்தக் காதைப் படிப்பக்கம் காட்டிக்கொண்டு நிற்கிறார் போல என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். அதற்கும் பதில் இல்லாமல் போகவே, முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். மூலை அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவர் கிடந்தார். உறையின் நாடா விரலில் சுற்றியிருந்தது. படுக்கை பாதி விரித்தபடி இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தது மழைக்காலம் ஓய்ந்த சமயம். இப்போது கோடை வெயில் ஏறிவிட்டது.

கோயிலின் பின்வாசலைப் பார்த்தாற்போல் இருக்கும் அந்தச் சின்ன விடுதி அதற்கப்புறமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், குளிக்கிறார்கள், கும்பிட்டுவிட்டு வருகிறார்கள், போகிறார்கள். இடுப்பில் கொத்தாகச் சாவி தொங்க நடமாடும் அவளை அவர்கள் 'சாவியம்மா' என்பார்கள். கூடப் பிறந்த தம்பி, தன் வேனை ஓட்டுகிற நேரம் போக மீதி நேரத்தில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து உதவுகிறான். மகள், கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலைக்குப் போய் வருகிறாள். மூலை அறையை மட்டும் சாவியம்மா பூட்டியே வைத்திருக்கிறாள். அதைத் திறந்து வாடகைக்கு விட்டால் என்ன என்று தம்பியும் மகளும் மாறிமாறிக் கேட்டு, மாறிமாறித் திட்டு வாங்கியிருந்தார்கள்.

அன்று காலை தம்பி, டீ டம்ளரைக் கேடயம் மாதிரி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அக்கா, கத்தாம கேக்கறியா?"

"நீ இப்படி ஆரம்பிச்சாலே அது கத்த வேண்டிய விஷயம்தான். சொல்லு."

"நேத்து சாயங்காலம் ரயிலடியில ஒரு பெரியவர். கைத்தடி ஊன்றி நடக்கறவர். அஞ்சாறு இடத்துல ஏறி இறங்கிட்டாராம், எங்கேயும் இடமில்லையாம். நம்ம இடமும் நிறைஞ்சு போச்சு. நீ வேற அப்ப பல் டாக்டர்கிட்ட வாயைப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தே. போன் பண்ணினாலும் 'ஆ'ன்னுதான் சொல்லியிருப்பே."

"அதனால?"

"மேஜையில மாத்துச் சாவி இருந்துது…"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் டம்ளரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

"எந்த அறைன்னு நீ வாயால சொல்லாதே. நான் போய்ப் பாத்துக்கறேன்."

"அக்கா, வயசானவர். அவர் மேல பாயாதே. வேணும்னா என் மேல பாய்ஞ்சுட்டுப் போ."

"உன்மேல பாயறதுக்கு நாள் முழுக்க இருக்கு."

மாடி ஏறும்போதே என்ன சொல்வதென்று மனசுக்குள் கோர்த்துக்கொண்டாள். தப்பாக எடுத்துக்காதீங்க, இது வாடகைக்கு விடுகிற அறை இல்லை, வேறு ஏற்பாடு பண்ணித் தருகிறேன். மூலை அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம். விரலால் கதவைத் தள்ளினாள்.

கட்டிலைப் பார்த்ததும் கோர்த்ததெல்லாம் சிதறிவிட்டது.

விரிப்பின் மூலைகள் கடித உறையின் முனை மாதிரி மடிந்து மெத்தைக்கு அடியில் போயிருந்தன. போர்வை மூன்றாக மடிந்து, ஓரமெல்லாம் உள்பக்கம் திரும்பி, வெட்டி வைத்த சோப்புக் கட்டி போலக் கால்மாட்டில் இருந்தது. தலையணை படுத்திருக்கவில்லை, சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் இடுப்பில் பெல்ட் கட்டியது மாதிரி ஒரு துண்டு.

அவர் மடிப்பு அது.

கல்யாணமான புதிதில் அவளும் எத்தனையோ முறை முயன்று பார்த்திருக்கிறாள். "ஓரம் தெரியுது" என்பார். எல்லாவற்றையும் பிரித்துத் தானே மறுபடி மடிப்பார். மற்ற விஷயத்தில் எல்லாம் தங்கமான மனுஷன். படுக்கை விஷயத்தில் மட்டும் யாரையும் நம்ப மாட்டார். விடுதியில் எத்தனை கட்டில் இருந்ததோ அத்தனையையும் அவரேதான் விரித்தார். அவருக்கப்புறம் பெருக்க வரும் பெண் விரிக்கிறாள், மூட்டை இறக்கின மாதிரி இருக்கும்.

பாதியில் விட்டுப்போன வேலையை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூட இல்லை. குளியலறைக் கதவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

கதவு திறந்தது. உயரமான கிழவர் ஒருவர் வெளியே வந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி. கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை. கையில் கைத்தடி.

"என்னம்மா?"

"இது… யார் மடிச்சது?"

"நான்தான். ஏன், மடிக்கக் கூடாதா?"

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"வேலை பாத்த இடத்துல. கை பழகிப் போச்சு. வீட்டுல பேத்திகூடக் கிண்டல் பண்ணுவா."

"கப்பல்லயா?"

கிழவர் அவளை உற்றுப் பார்த்தார். "கப்பலா?"

"என் வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பாத்தவர். கல்யாணத்துக்கு முன்னாடி. அங்கே படுக்கையெல்லாம் இவர் பொறுப்புதானாம். அச்சு அசலா இதே மாதிரிதான் மடிப்பார். ஓரமே தெரியாது. வேற ஒரு மனுஷர் இப்படி மடிச்சு நான் பாத்ததே இல்லைங்க."

திறந்த குழாய் மாதிரி பேசிக்கொண்டே போனாள். அவர் பாதியில் நிறுத்தவில்லை. கடைசியில், "மனுஷன் பொழப்புக்கு எங்கெங்கேயோதான் இருக்க வேண்டியிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அறையைக் காலி பண்ணச் சொல்ல வந்தவள், மத்தியானம் எங்களோடுதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கீழே வந்ததும் கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டாள்.

"கேப்டன், மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டுப் போ."

மகளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா வைத்த பெயர். தவழ்கிற வயசில் அவளைத் தோளில் ஏற்றி, விடுதியின் மொட்டைமாடி முழுக்க நடந்து, "கேப்டன், எந்தப் பக்கம் திருப்பட்டும்?" என்று கேட்பார். அப்பா பக்கம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு சித்தப்பா இல்லை, அத்தை இல்லை, பாட்டி இல்லை. கப்பல்தான் இருந்தது.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"உங்கப்பா மாதிரியே கப்பல்ல இருந்தவர் ஒருத்தர் வந்திருக்கார்."

அந்தப் பக்கம் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் நின்றது.

"அம்மா… நிஜமாவா?"

"வந்து நீயே கேளு."

சாப்பாட்டு மேஜையில் நாலு பேர். தம்பிதான் ஆரம்பித்து வைத்தான்.

"பெரியவரே, எனக்குக் கப்பலைப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். தண்ணியில போகும். மீதி எல்லாம் எங்க அத்தான் சொன்னது. அதுல பாதி புளுகுன்னு நான் அப்பவே சொல்வேன்."

"மாமா, சும்மா இரு" என்றாள் மகள். அவள் தட்டையே பார்க்கவில்லை. "தாத்தா, உங்களைத் தாத்தான்னு கூப்பிடலாமில்லே? அப்பா ஒரு மேஸ்திரியைப் பத்திச் சொல்வார். உங்க கப்பல்லயும் அப்படி ஒருத்தர் இருந்தாரா?"

"எப்படி?"

"காலையில எல்லாரும் அவங்கவங்க கட்டில் பக்கத்துல நிக்கணுமாம். அந்த மேஸ்திரி கையில ஒரு குச்சியோட வருவாராம். போர்வைக்கு அடியில குச்சியை விட்டு, இப்படி மெதுவாத் தூக்கிப் பாப்பாராம். ஓரம் தெரிஞ்சுதோ, அவ்வளவுதான். எல்லாத்தையும் பிரிச்சுப் போடச் சொல்வாராம்."

கிழவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அதுக்கப்புறம் நடந்ததுதான் தமாஷ். ஒருநாள் யாரோ வராந்தாவுல சோப்புத் தண்ணியைக் கொட்டி வச்சுட்டாங்களாம். மேஸ்திரி குச்சியைச் சுழட்டிக்கிட்டே வந்தாராம். தடால்னு விழுந்தாராம்! சிரிச்சு சிரிச்சு எல்லாருக்கும் வயித்து வலியே வந்துடுச்சாம். நான் சின்னவளா இருக்கப்ப அந்தக் கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன்."

"அப்படியெல்லாம் விழலை" என்றார் கிழவர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"இல்லை… அப்படி விழறது நடக்காதுன்னு சொன்னேன்" என்றார்.

சாவியம்மா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தாள். அவர் வேண்டாமென்று கை காட்டியதையும் மீறி வைத்தாள். ஒரு விருந்தாளிக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறி அவளுக்கு ரொம்ப நாளாகிவிட்டது.

"உங்க வீட்டுக்காரருக்கு" என்று அவர் மெல்லக் கேட்டார், "காது நல்லாக் கேக்குமா?"

"இடது காது கேக்காது. கப்பல்ல இன்ஜின் சத்தத்துல போனதாம்."

"இன்ஜின் மேல ஏன் பழியைப் போடறே?" என்றான் தம்பி. "எனக்குத் தெரிஞ்சு, நீ திட்டத் தொடங்கினா அத்தான் டக்குனு இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். அந்த யோகம் எல்லாருக்கும் கிடைக்குமா?"

மகள் சிரித்தாள். சாவியம்மாவும் சிரித்துவிட்டாள். அந்த மேஜையில் சிரிப்பு வந்து எத்தனையோ காலம்.

கிழவர் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவப் போனார்.

"வெயில் ஒத்துக்கலை. கொஞ்சம் படுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு நடந்தார். மேஜைமேல் அவர் மூக்குக்கண்ணாடி கிடந்தது. கொடுத்துவிட்டு வரலாம் என்று சாவியம்மா பின்னாலேயே ஏறினாள்.

மாடி நடையில் ஓர் அறை திறந்து கிடந்தது. பெருக்க வரும் பெண் அப்போதுதான் அங்கே படுக்கையைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். கிழவர் அதைத் தாண்டிப் போனவர், நின்றார். திரும்பினார். உள்ளே ஓரடி வைத்து, கைத்தடியின் நுனியைப் போர்வைக்கு அடியில் விட்டு, மெதுவாக உயர்த்திப் பார்த்தார். நாக்கால் 'ச்சு' என்று ஒரு சத்தம் கொட்டினார்.

படிமுனையில் நின்றபடி அவள் அதைப் பார்த்தாள். மகள் சற்றுமுன் கரண்டிக் காம்பை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டிய அதே அசைவு.

"ஐயா."

அவர் தடியைச் சட்டென்று கீழே ஊன்றினார்.

"நீங்க போர்வை மடிச்சவர் இல்லை. மடிச்சதைப் பாத்தவர்."

அவர் தடியின் நுனியையே பார்த்தார்.

"அது கப்பலும் இல்லை."

"நான் கப்பல்னு சொல்லலையேம்மா. நீங்களாத்தானே சொன்னீங்க."

"அப்ப என்ன இடம்? சொல்லுங்க."

அவர் மூலை அறைக்குள் போய்க் கட்டிலில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றுகொண்டார். "பசங்களை வச்சிருக்கிற இடம். திருடிப் பிடிபட்டவன், வீட்டை விட்டு ஓடி வந்தவன், கேக்க நாதி இல்லாதவன். எல்லாரையும் அனுப்புவாங்க. பெரிய மதில், பெரிய கேட்டு. நான் அங்கே மேற்பார்வை பாத்தேன். ஓய்வு கிடைக்கிறவரைக்கும் அங்கேதான்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கப்பலில் வீசிய காற்று, கரை தெரிகிற காலை, இன்ஜின் அறையின் சூடு என்று வீட்டுக்காரர் சொன்ன ஒவ்வொன்றும் அந்தப் பெரிய கேட்டுக்குள் போய் அடைந்துகொண்டது.

"அவர் என்ன தப்புப் பண்ணிட்டு வந்தார்?"

"எந்தப் பையன்னே எனக்குத் தெரியலையேம்மா. எவ்வளவு பசங்க வந்தாங்க, போனாங்க."

"இடது காது."

"காதுல அடி வாங்காத பையன் அங்கே கிடையாது."

பெருமையாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அந்த ஊரில் மழை அதிகம் என்பது மாதிரி சொன்னார்.

"எதுக்கு அடிப்பீங்க?"

"எத்தனையோ இருக்கும். ஓரம் தெரிஞ்சாலும் அடிதான். அப்ப அதுதான் முறை. நான் வகுத்த முறை இல்லை."

"எந்தக் கையால?"

கிழவர் கைத்தடியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டார்.

கொஞ்சம் முன்னால் வேண்டாம் வேண்டாம் என்று அவளைத் தடுத்த கை. அதையும் மீறி அவள் சோறு போட்ட கை.

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள். மூக்குக்கண்ணாடியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு இறங்கினாள்.

கீழே மகள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகம் இத்தனை வெளிச்சமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

"அம்மா, அந்தத் தாத்தா எதையோ மறைக்கிறார். கவனிச்சியா? 'அப்படி விழலை'ன்னு எவ்வளவு அழுத்திச் சொன்னார்! அவருக்கு அப்பாவைத் தெரிஞ்சிருக்கும். சாயங்காலம் வந்து பிடிச்சுக்கப் போறேன். அவரை எங்கேயும் விட்டுடாதே."

"ஆமா அக்கா, விட்டுடாதே" என்றான் தம்பி. "இவ கேக்கற கேள்வியில பெரியவரே திரும்பக் கப்பலேறிடுவார். அதையும் பாத்துடலாம்."

சாவியம்மா உள்ளறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்து வெறுமனே நின்றாள். மாடியில் பை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. அந்தக் கிழவர் போகட்டும், போய்த் தொலையட்டும். ஆனால் இவர் வாசல் தாண்டிவிட்டால், அவள் வீட்டுக்காரரைச் சின்னப் பையனாகப் பார்த்த கண் இந்த உலகத்தில் வேறு கிடையாது. கன்னம் ஒட்டியிருந்தானா, உப்பியிருந்தானா? ராத்திரியில் அழுவானா? அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதது, அவரை அடித்தவருக்குத் தெரியும்.

கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு எடுத்துக்கொண்டு மறுபடி மாடிக்குப் போனாள்.

கிழவர் தான் மடித்து வைத்த படுக்கையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையணை கவிழ்ந்து கிடந்தது.

"இதைப் பாருங்க. நல்லாப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"சிரிச்ச மாதிரி வேற படம் இல்லையா?"

"படத்துக்கு அவர் சிரிக்க மாட்டார்."

"முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்குமா?"

"இருக்கும்."

"விசில் அடிப்பாரா?"

"இல்லை. ஒருநாளும் அடிச்சதில்லை. பொண்ணு குழந்தையா இருந்தப்ப அடிக்கச் சொல்லிக் கேப்பா. தெரியாதுன்னுடுவார்."

கிழவர் படத்தை மெல்ல இறக்கினார்.

"அப்ப அவன்தான்" என்றார்.

தெருவில் யாரோ யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். கோயில் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

"வெளியே கேட்டுகிட்ட ஒரு அம்மா வந்து நிப்பாங்க. உள்ளே விட மாட்டோம். சொந்தக்காரங்க வந்துபோனா பசங்க மனசு கெடும்னு மேலே உள்ளவங்க உத்தரவு. இவன் மாடி ஜன்னல்லேர்ந்து விசில் அடிப்பான். அப்படி ஒரு விசில் நான் கேட்டதே இல்லை. அந்தச் சந்துப் பல்லாலதான் அப்படி வந்துதோ என்னவோ. அந்த அம்மா அதைக் கேட்டுட்டு, சரி, நல்லாத்தான் இருக்கான்னு திரும்பிப் போயிடுவாங்க. கொஞ்ச நாள்ல மேலே தெரிஞ்சு போச்சு. நிறுத்தச் சொன்னாங்க."

"நீங்க நிறுத்தினீங்க."

"நிறுத்தினேன். இவனுக்கு அடி விழுந்தது போர்வைக்காக இல்லைம்மா."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கலைந்த போர்வை அவளுக்கு அடியில் சுருண்டது.

"அதுக்கப்புறமும் அந்த அம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க. நிப்பாங்க. விசில் ஒண்ணும் கேக்காது. கொஞ்சம் கொஞ்சமா வர்றதை நிறுத்திட்டாங்க."

"அம்மான்னு சொல்றீங்க. அவரைப் பெத்தவுடனே அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்களே."

"யார் சொன்னது?"

"அவர்தான்."

"கப்பலையும் அவன்தானே சொன்னான்."

கிழவருக்கே அது கடுமையாகப் பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வயசு வந்து வெளியே அனுப்பற அன்னிக்கு என்கிட்ட வந்தான். திட்டப் போறான்னு நெனைச்சேன். அப்படி வர்ற பசங்க உண்டு. இவன் திட்டலை. வலது காதை என் பக்கம் திருப்பிக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டான். அம்மா கடைசியா வந்தப்ப எங்கே போறேன்னு சொன்னாங்க? இந்த ஊர்ப் பேரைச் சொன்னேன். கோயிலைச் சுத்திப் பொழைச்சுக்குவேன்னு அந்த அம்மா கேட்டுல சொல்லிட்டுப் போனாங்க. அதைத்தான் சொன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டான்."

சாவியம்மா எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். கீழே கோயிலின் பின்வாசல். வெயிலுக்குத் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கிழவிகள் வரிசையாக நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தனியாக வருகிற எந்த வயசான பெண்ணைக் கண்டாலும் அவள் வீட்டுக்காரர் மேஜையை விட்டு எழுந்து போய்ப் பையை வாங்குவார். இடமில்லை என்று ஒருத்தியையும் திருப்பி அனுப்பியதில்லை. இரக்க குணம் என்று ஊரே சொல்லும். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"கண்டுபிடிச்சாரா?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

"அவங்க பாக்க எப்படி இருப்பாங்க? ஏதாவது அடையாளம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மா! கடைக்குக் கிளம்பறேன்! தாத்தா தூங்கிட்டாரா?"

அவள் படிமுனைக்கு வந்தாள். கீழே மகள் செருப்பை மாட்டியபடி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, அண்ணாந்து பார்த்தாள். அப்பாவின் ஜாடை.

"சாயங்காலம் சீக்கிரம் வா."

"தாத்தா கதை சொல்வாரா?"

"நான் சொல்றேன்."

"நீயா? நீ கப்பலையே பாத்ததில்லையேம்மா!"

"பாத்ததில்லை" என்றாள். "வா, சொல்றேன்."

மகள் அந்தக் குரலில் எதையோ கேட்டுவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஏறி வரலாமா என்று ஒரு கால் முன்னே வந்தது. சாவியம்மா போ என்று கையசைத்தாள். மகள் போனாள். வாசலைத் தாண்டியும் ஒருமுறை திரும்பி மாடியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மேஜையிலிருந்த தம்பி எழுந்து வந்தான். "என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? அந்த ஆள் ஏதாவது சொன்னாரா? சொல்லு, பையைத் தூக்கி வேன்ல போட்டுட்டு வரேன்."

"போடாதே. அவர் இங்கேதான் இருப்பார்."

அவள் மூலை அறைக்குத் திரும்பினாள். கிழவர் பையைக் காலருகே வைத்துக்கொண்டு நின்றார்.

"பையை வைங்க. மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனைச்சுக்காதீங்க."

"நெனைக்கலை."

"என் பொண்ணு வருவா. பொய் சொல்லக் கூடாது."

"நான் சொல்லணுமா?"

"வேண்டாம். உங்க வாயால அவ கேக்க வேண்டாம். நான் சொல்றேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கணும். எங்கேயாவது நான் தப்பாச் சொன்னா திருத்தணும்."

கிழவர் தலையை மட்டும் அசைத்தார். வறண்ட தொண்டையைச் செருமிக்கொண்டு, "குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். கேட்டவுடனே, கேட்டிருக்கக் கூடாதோ என்று அவர் முகம் சுருங்கியது.

அவள் இறங்கிப் போனாள். பானையில் தண்ணீர் மொண்டாள். சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாவின் அடையாளத்தைக் கேட்டுவிட வேண்டும், மகள் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தனக்குள் சொல்லியபடி மறுபடி மாடி ஏறினாள்.

படிக்கட்டின் நடுவில் ஒரு படி, மற்றவற்றைவிட ஒரு விரல்கடை உயரம். கட்டிய கொத்தனாரின் பிசகு. புதிதாக வருகிற எல்லோரும் அதில் தடுக்குவார்கள். இத்தனை வருஷம் பழகிய அவள் கால் அதைப் பார்க்காமலே தாண்டி மேலே போனது.